வண்டிச் சாவி தொலைஞ்சு போச்சா?



போன மாதம் சூலக்கரையில் நம் கூட்டமைப்புக் கூட்டம் முடிய சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டது. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு, பாயைச் சுருட்டி எல்லோரும் கிளம்பும் நேரத்தில், ஒரு உறுப்பினர் மட்டும் வாசலில் நின்று கைப்பையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். "மதினி, என் வண்டிச் சாவியப் பாத்தீங்களா?"

சுருட்டிய பாயை மறுபடியும் விரித்தோம். நோட்டுகளை உதறினோம். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், செருப்புக் குவியலுக்குள், வேப்பமரத்தடியில் எல்லாம் செல்போன் வெளிச்சம் அடித்துத் தேடினோம். கிடைக்கவில்லை. ஸ்கூட்டி ஹேண்டில் லாக் போட்டு நிற்கிறது, தள்ளவும் முடியாது. சீட்டுக்கு அடியில் ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் வேறு இருக்கின்றன. டியூஷன் முடிந்து பிள்ளை வீட்டு வாசலில் காத்திருக்கும்.

"வீட்ல இன்னொரு சாவி இருக்குமில்ல, தம்பியக் கொண்டாரச் சொல்லு" என்றோம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இன்னொரு சாவி அவரிடம் இல்லை. வண்டி வாங்கியபோதே பைனான்ஸ்காரர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தவணை கட்டி முடித்து எட்டு மாதம் ஆகிறது. சாவியைத் திருப்பித் தரச் சொல்லி இவரும் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு ஒரு குட்டியானையைப் பிடித்து, நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி ஏற்றி வீடு கொண்டுபோய்ச் சேர்த்தோம். வாடகை போனதுகூடப் பெரிதில்லை. இதைப் பற்றி மறுநாள் பேசப் பேச, நம்மில் பாதிப் பேருக்கு வண்டி இருக்கிறது, ஆனால் சாவி தொலைந்தால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை என்பது புரிந்தது. அதனால் சாவி செய்கிறவர், வண்டி ஷோரூம், காவல் நிலையம், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று நாலு இடத்திலும் கேட்டு வந்து இதை எழுதுகிறோம்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

திண்டுக்கல் பூட்டு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அந்தப் பூட்டுக்குள் அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். சரியான சாவி போட்டால் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வந்து நின்று வழிவிடும். வண்டிப் பூட்டும் அமைப்பில் வேறாக இருந்தாலும் அடிப்படை இதேதான். சாவி போடும் துவாரத்துக்கு உள்ளே உருளை ஒன்று, அதில் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவியின் ஓரத்தில் மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்கிறதே, அது அந்தத் தகடுகளின் அளவுக்கு வெட்டியது. ஒரு பள்ளம் கொஞ்சம் மாறினாலும் உருளை திரும்பாது.

ஒரு வண்டியில் இப்படிப்பட்ட பூட்டு ஒன்றோடு நிற்பதில்லை. ஸ்டார்ட் செய்கிற பூட்டு, சீட்டுப் பூட்டு, பைக்காக இருந்தால் பெட்ரோல் டேங்க் மூடியின் பூட்டு. எல்லாம் ஒரே சாவிக்குத் திறக்கிற மாதிரி ஒரு செட்டாகத்தான் வரும். கடையில் 'லாக் செட்' என்று கேட்டால் அதைத்தான் தருவார்கள்.

புது வண்டி எடுக்கும்போது இரண்டு சாவி தருவார்கள். பல வண்டிகளில் சாவியின் மேலேயே, இல்லாவிட்டால் கூட வரும் குட்டித் தகட்டில், ஒரு எண் இருக்கும். நம்மில் பலர் அந்தத் தகட்டைச் சாவி வளையத்திலேயே மாட்டிவைக்கிறோம், அல்லது பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடுகிறோம். அந்த எண்தான் சாவியின் ஜாதகம். எண்ணும் ஆர்.சி. புத்தகமும் இருந்தால், ஷோரூமில் சொல்லி கம்பெனிச் சாவியாகவே வரவழைக்க வழி உண்டு. சில நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாவி வளையத்திலேயே தகட்டை மாட்டினால் சாவி தொலையும்போது எண்ணும் சேர்ந்து போகும். கண்டெடுத்தவன் கையில் சாவியும் இருக்கும், சாவியின் ஜாதகமும் இருக்கும். எண்ணைத் தனியே எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். ஒரு குழுவில் எல்லா உறுப்பினர்களின் சாவி எண்களையும் குழு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அது வேண்டாம். பத்துப் பேர் புரட்டுகிற நோட்டில் பீரோ சாவியைத் தொங்கவிட்டது போலத்தான் அதுவும்.

சாவி செய்கிறவரிடம் போகும்போது

பஜாரிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் குடையின் கீழ் உட்கார்ந்து சாவி செய்கிற அண்ணன்மார் செய்வது லேசான வேலை இல்லை. மாதிரிச் சாவி கையில் இருந்தால் மிஷினில் வைத்து ஐந்து நிமிடத்தில் வெட்டிவிடுவார்கள். மாதிரியே இல்லை என்றால்தான் அவர்கள் கைத்திறமை தெரியும். வெட்டாத வெறும் சாவியைத் துவாரத்தில் விட்டு, லேசாக அழுத்தித் திருப்புவார். உள்ளே உள்ள தகடுகள் சாவியின் மேல் மெல்லிய தடம் பதிக்கும். தடம் விழுந்த இடத்தை மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி உள்ளே விட்டு, மறுபடி பார்த்து, மறுபடி ராவி... பொறுமையான வேலை. நம் உறுப்பினருக்குச் சாவி செய்தவர் முக்கால் மணி நேரம் எடுத்தார். தலையை நிமிர்த்தாமலே ஒரு கேள்வி கேட்டார்: "அக்கா, ஆர்.சி. கொண்டாந்திருக்கீங்களா?"

எங்களில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களப் பாத்தா வண்டி திருடுறவுக மாதிரியா இருக்கு?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க வண்டிய வேற ஒருத்தன் தள்ளிட்டு வந்து சாவி கேட்டா, நான் இதே கேள்வியக் கேக்கணுமா வேண்டாமா?" அதற்குப் பிறகு எங்களிடம் பேச்சில்லை. கேட்காமல் செய்து கொடுப்பவரைவிட, கேட்டுச் செய்பவரிடம் போவதுதான் நமக்குப் பாதுகாப்பு.

அவர் சொன்ன இன்னும் சில சங்கதிகள். சாவிக்குச் சாவி எடுக்கும்போது எப்போதும் கம்பெனிச் சாவியை மாதிரியாகக் கொடுக்க வேண்டும். நகலிலிருந்து நகல் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் அளவு தவறும். கடைசியில் சாவி பூட்டுக்குள் சிக்கி ஒடியும். பூட்டு இறுகினால் நாம் உடனே தேங்காய் எண்ணெய் விடுகிறோம். அது தூசியை இழுத்துப் பசையாக்கிவிடும். அதற்குப் பதில் பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவிப் போட்டு எடுத்தால் போதும். சில ஸ்கூட்டர்களில் சாவித் துவாரத்தை மூட ஒரு மூடி இருக்கும். அதைத் திறக்கச் சாவியின் தலையில் காந்தம் உண்டு. வெளியே செய்கிற சாவியில் அந்தக் காந்தம் இல்லாமல் போகலாம். அப்படியானால் அந்த மூடியை மூடாமல் விடுவதுதான் வழி. சாவி வெட்டும்போது பக்கத்திலேயே இருங்கள். "வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்றால் வேண்டாம்.

சாவி தொலைந்ததும் சிலர், "வயரை டைரக்டா குடுத்து ஓட்டிட்டுப் போயிரலாம்" என்பார்கள். அன்று சாயங்காலம் எங்களிடமும் ஒருவர் சொன்னார், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு என்று செய்தது ஒரு வருடம் அப்படியே கிடக்கும். வெட்டிய வயர் மழையில் நனையும், உரசும், பொறி தட்டும். பட்டாசு ஆலை வாசலில் வண்டி நிறுத்துகிற ஊர் நம் ஊர். சாவி இல்லாமல் கிளம்புகிற வண்டியை யார் வேண்டுமானாலும் கிளப்பலாம் என்பதும் இருக்கிறது.

ஆலை என்றதும் இன்னொன்று. மருந்து அறைகளில் பித்தளையும் மரமும் தவிர இரும்புக் கருவி வைக்காததன் காரணம் நமக்குத் தெரியும், இரும்பு உரசினால் பொறி. அதனால் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அறைக்குள் போகவே கூடாது. வெளியே வைத்துவிட்டுப் போகிறோம், சரி. ஆனால் எங்கே? சாப்பாட்டுக் கூடையில், மரக்கிளையில், வண்டியின் முன்பெட்டியில்! விசாரித்தவரை நம் உறுப்பினர்கள் சாவி தொலைத்தது பெரும்பாலும் இப்படித்தான். செல்போனை வாங்கி வைக்கிற இடத்திலேயே சாவியையும் பேர் எழுதிய பையில் போட்டு வைத்துத் தரும்படி ஆலைக் கணக்கரிடம் சேர்ந்து கேளுங்கள். ஒருத்தி கேட்டால் காதில் வாங்க மாட்டார்கள், பத்துப் பேர் கேட்டால் ஒரு ஆணி அடித்துத் தருவார்கள்.

சிப் வைத்த சாவி என்றால் என்ன?

டவுனில் சிலர் பயமுறுத்துவார்கள்: "இப்பல்லாம் சாவிக்குள்ள சிப் இருக்கு, ஆயிரக்கணக்குல செலவாகும்" என்று. பயப்பட வேண்டாம். நம் பக்கம் ஓடுகிற எக்செல், ஸ்கூட்டி, ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றின் சாவி வெறும் உலோகச் சாவிதான். சிப் இல்லாத சாவிக்குச் சிப் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் சிப் சாவியும் வந்துகொண்டிருப்பதால் தெரிந்துகொள்வது நல்லது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சின்னப் பொருள் இருக்கும். அதற்கு பேட்டரிகூடக் கிடையாது. சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பியதும், பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ஒரு ரேடியோ அலையை அனுப்பும். அந்த அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு சிப் தன் எண்ணைச் சொல்லும். வண்டிக்குள் உள்ள கம்ப்யூட்டர் பெட்டி அந்த எண்ணைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒத்துப் பார்க்கும். பட்டியலில் இருந்தால் இன்ஜின் ஓடும். இல்லையென்றால் சாவி திரும்பும், ஆனால் இன்ஜின் உயிர் பெறாது.

நம் குழுவின் வருகைப் பதிவேடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பேர் இருப்பவருக்குத்தான் கடன். அச்சு அசலாக அதே முகத்தோடு ஒருவர் வந்து நின்றாலும், பேர் இல்லையென்றால் கிடையாது. அதனால்தான் சிப் சாவியை மிஷினில் வெட்டினால் மட்டும் போதாது. ஷோரூமில் கம்ப்யூட்டரை மாட்டி, புதுச் சாவியின் பேரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இதைத்தான் 'புரோகிராம் செய்வது' என்கிறார்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. தொலைந்த சாவியின் பேரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடலாம். அப்புறம் அதை எவன் கண்டெடுத்தாலும் வண்டி ஓடாது. சாதாரணச் சாவியில் இது முடியாது. பூட்டையே மாற்றினால்தான் உண்டு.

ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களில் இந்த ஏற்பாடு கட்டாயம். அங்கே சில யமஹா பைக்குகளுக்கு இரண்டு கறுப்புச் சாவியும் ஒரு சிவப்புச் சாவியும் தருவார்கள். கறுப்பு ஓட்டுவதற்கு. சிவப்பு, புதுச் சாவியின் பேரை ஏற்றுவதற்கு மட்டும். சிவப்புச் சாவியைத் தொலைத்தால் கம்ப்யூட்டர் பெட்டி, பூட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். அதனால் அதை ஓட்டவே எடுக்கமாட்டார்கள், வீட்டிலேயே பத்திரமாக இருக்கும்.

நம் ஊரிலும் 2023 ஜனவரியில் ஹோண்டா ஆக்டிவாவில் 'ஹெச்-ஸ்மார்ட்' என்ற வகை வந்தது. சாவிக்குப் பதில் கையடக்க ரிமோட். அது வண்டிக்கு 2 மீட்டர் தூரத்துக்குள் இருந்தால்தான் வண்டி திறக்கும், கிளம்பும். கரண்டில் ஓடுகிற ஓலா ஸ்கூட்டர் 2021-ல் வந்தபோது சாவியே இல்லை, செல்போனிலோ திரையில் எண்ணை அழுத்தியோதான் திறந்தார்கள். (அந்த வண்டி தயாராகும் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று அந்த வருடம் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும்.) இது மாதிரி வண்டி வாங்குகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே, ரிமோட் தொலைந்தால் அல்லது போன் உடைந்தால் என்ன செய்வது, எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

இன்சூரன்ஸ்காரர் கேட்கும் இரண்டு சாவி

இதுவரை சொன்னதைவிட முக்கியமான விஷயம் இதுதான். எங்களுக்கே இது தெரியாமல் இருந்தது.

வண்டி திருடு போய் இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போது, ஆர்.சி., பாலிசி, காவல் நிலைய எஃப்.ஐ.ஆர்., வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்று இவற்றோடு, வண்டியின் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். இரண்டு சாவி கொடுத்திருந்தால் இரண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், "இன்னொன்று எங்கே? வண்டியிலேயே விட்டுட்டுப் போனீங்களா?" என்ற கேள்வி வரும். சாவியை வண்டியில் விட்டது கவனக்குறைவு என்று சொல்லிப் பணத்தை மறுப்பதும் நடக்கிறது.

நம் கூட்டமைப்பின் பழைய உறுப்பினர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் வண்டி காணாமல் போனது. அதற்கு ஒரு வருடம் முன்பே ஒரு சாவியைத் தொலைத்துவிட்டு, பஜாரில் ஒன்று செய்து வைத்திருந்தார். தொலைந்ததை எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை, சாவி செய்ததற்குச் சீட்டும் வாங்கவில்லை. ஒரு கம்பெனிச் சாவியையும் ஒரு பஜார் சாவியையும் கொண்டுபோய்க் கொடுத்தார். பார்த்த உடனேயே கேட்டுவிட்டார்கள். தொலைந்த சாவியை வைத்துத்தான் திருடினானா, அல்லது இவரே விற்றுவிட்டுப் பொய் சொல்கிறாரா என்று விசாரணை. படித்த நமக்கே வாய் குழறும். அவர் அழுதுகொண்டே திரும்பி வந்தார். வண்டியும் போனது, பணமும் வரவில்லை. கறிகாய் விற்க மறுபடி பஸ்ஸுக்கு நிற்கிறார்.

சாவி தொலைந்த அன்றோ மறுநாளோ காவல் நிலையத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் அவர் நிலைமையே வேறு. சூலக்கரையிலேயே காவல் நிலையம் இருக்கிறது. எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்த எண்ணுள்ள வண்டியின் சாவி தொலைந்தது என்று நாலு வரி போதும். சி.எஸ்.ஆர். ரசீது என்று ஒன்று தரச் சொல்லிக் கேளுங்கள். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் போக வேண்டும். நாம் ஓட்டினாலும் ஆர்.சி. வீட்டுக்காரர் பேரில் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். போகத் தயக்கமாக இருந்தால் குழுவில் இரண்டு பேர் துணைக்குப் போகலாம். ரேஷன் கார்டு தொலைந்ததற்குப் போகிறோம், இதற்கு ஏன் கூச்சம்?

ரசீது கிடைத்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம். பிறகு லாக் செட்டை மாற்றுங்கள். புதுச் சாவி செய்வதைவிட இதற்குச் செலவு கூடத்தான். ஆனால் பழைய சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரியாதபோது, வெறும் நகல் சாவி நமக்கு வழி திறக்குமே தவிர, அவனுக்கு வழி அடைக்காது. வீட்டுப் பக்கத்தில், நம் முகம் தெரிந்த இடத்தில் தொலைந்ததென்றால் கட்டாயம் மாற்றுங்கள். ஊருணியில் விழுந்தது கண்ணால் பார்த்தோம் என்றால் அவசரமில்லை. பில்லையும், கழற்றிய பழைய பூட்டையும், மிச்சமுள்ள பழைய சாவியையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள்.

இன்னொரு சங்கதி. திருட்டுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்றால் பாலிசியில் அதற்கு இடம் இருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமானது. அது நாம் யார் மேலாவது மோதினால் அவர்களுக்கு நஷ்டஈடு தருவது. நம் வண்டி திருடு போனால் அதில் ஒரு பைசா வராது. நம் வண்டிக்கான இன்சூரன்ஸ் தனி, பலருக்கும் அது முதல் வருடத்தோடு முடிந்திருக்கும். "அஞ்சு வருசத்துக்குக் கட்டியாச்சு" என்று நாம் நிம்மதியாக இருப்போம். 2018 பிப்ரவரி 24-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் பெற்று வண்டி வாங்கியவர்கள் நம் ஊராட்சிக் கூட்டமைப்புகளிலும் இருக்கிறார்கள். அந்தத் திட்டம் இப்போது இல்லை. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அந்தச் சகோதரிகளுக்கு அந்த ஐந்து வருடமும் முடிந்தேபோயிருக்கும். இன்றைக்கே பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

வண்டி திருடு போனால் முதலில் போக வேண்டியது காவல் நிலையம், அதே நாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். போலீசுக்கு உடனே சொல்லியிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமான ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2023-ல் இன்னொரு வழக்கு. லாரி டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டு வழி கேட்க இறங்கிய நேரத்தில் லாரி திருடு போனது. கம்பெனி பணம் தர மறுத்தது. உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. ஆகவே ஒரு தப்பு நடந்துவிட்டது என்பதற்காக முழுதும் இல்லை என்று சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிட வேண்டியதில்லை. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. நம் மாவட்டத்துக்கு நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. சாத்தூரில் வண்டியைத் தொலைத்த உறுப்பினருக்கு இதெல்லாம் அப்போது எங்களால் சொல்ல முடியவில்லை. அந்த வருத்தம் எங்களுக்கு இருக்கிறது.

பைனான்ஸ் ஆபீஸில் இருந்த கவர்

கடைசியாக நம் சூலக்கரை உறுப்பினரின் கதைக்கு வருவோம். பைனான்ஸ் ஆபீஸில் இருக்கும் சாவியைக் கேட்க அவரோடு மூன்று பேர் போனோம். கடன் முடிந்த ரசீதைக் காட்டினோம். முதலில், "அதெல்லாம் அப்பவே குடுத்திருப்போம்மா" என்றார்கள். வாங்கியதற்குக் கையெழுத்து எங்கே என்று கேட்டதும் உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டு வந்தார்கள். மேலே இவர் பேர், இவர் வண்டி எண், எல்லாம் சரியாக இருந்தது. நல்ல வேளையாக அங்கேயே பிரித்துப் பார்த்தோம். உள்ளே இருந்தது வேறு கம்பெனிச் சாவி! இவருடையது யாருடைய கவரில் இருக்கிறதோ, யாருக்குக் கொடுத்தார்களோ, அவர்களுக்கே தெரியவில்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான் காவல் நிலையத்தில் மனு கொடுத்தார். இப்போது லாக் செட் மாற்றியாகிவிட்டது. புதுச் சாவி இரண்டில் ஒன்று அவர் அம்மா வீட்டில்.

கடனில் வண்டி எடுத்தவர்கள், சாவியை யாராவது வாங்கி வைத்தால் வாங்கியதற்குச் சீட்டு கேளுங்கள். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்க வேண்டும் அல்லவா? அந்தச் சான்று வாங்கப் போகிற அன்றே சாவியையும் வாங்கி, வண்டியில் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆர்.சி.யும் சாவியோடு சேர்ந்து தொலைந்திருந்தால் காவல் நிலைய ரசீதோடு படிவம் 26 கொடுத்து நகல் வாங்கலாம். டிஜிலாக்கரில் உள்ள ஆர்.சி.யையும் லைசென்ஸையும் 2018 முதல் செல்லுபடியாக ஏற்கிறார்கள். பிள்ளைகளிடம் சொல்லிப் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டிய பிறகு சாவி தொலைந்து தனியாக ரோட்டில் நிற்க நேர்ந்தால் 112-க்கோ, பெண்கள் உதவி எண் 181-க்கோ கூப்பிடுங்கள். வண்டியை அந்த இடத்திலேயே பூட்டியபடி விட்டு வரலாம். நாம் முதலில் வீடு வந்து சேர வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோரும் இரண்டு சாவியையும் பாலிசியையும் கொண்டு வாருங்கள். நகல் சாவி எது, கம்பெனிச் சாவி எது, எண் எங்கே இருக்கிறது, பாலிசி எந்தத் தேதியில் முடிகிறது என்று சேர்ந்து பார்த்துவிடுவோம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மாதிரி மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறோம், கணக்காளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை: இதை எழுதி முடித்த பிறகு, அன்றைக்குத் தொலைந்த சாவி கிடைத்துவிட்டது. சுருட்டிய பாய்க்குள் இல்லை, வேப்பமரத்தடியிலும் இல்லை. சேமிப்புப் பணம் வைக்கிற தகரப் பெட்டிக்குள், ஐம்பது ரூபாய்க் கட்டுக்கு அடியில் இருந்தது. பணம் எண்ணும்போது கையில் இருந்த சாவியையும் சேர்த்து உள்ளே போட்டிருக்கிறார். பெட்டியைப் பூட்டியது நாங்கள்தான்.